உள்ளே இருந்து முடுக்கிய நட்டு

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் பணிவோடு எழுதிக்கொள்வது. இங்கே நான் சுகம். உங்கள் தங்கை என்னைவிடச் சுகம். என் மகளும், கேட்டால், சுகம் என்றுதான் சொல்கிறாள். மாப்பிள்ளை சுகம் என்று எழுத வேண்டிய இடத்தில்தான் பேனா நின்றுவிட்டது. சுகமாகத்தான் இருக்கிறார்; ஆனால் அது யார் என்று தெரிந்தால் அல்லவா எழுதுவது? அங்கே நீங்களும் அக்காவும் நோய்நொடி இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கடிதம் வந்தால் கண்ணாடியைத் தேடுவதைவிட அக்காவைக் கூப்பிடுவது உங்களுக்குச் சுலபம் என்பது எனக்குத் தெரியும். ஆகவே அக்கா, அடுப்பில் ஏதாவது இருந்தால் இறக்கி வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு, உட்கார்ந்து படித்துக் காட்டவும். பயமாக இருந்தாலும் பாதியில் நிறுத்த வேண்டாம்.

முதலில் ஒரு விஷயத்தை முடித்துவிடுகிறேன். நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள், மச்சான். கல்யாண வீடானாலும் துக்க வீடானாலும் ஒரு மூலையில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு நாம் இரண்டு பேரும் இத்தனை வருஷமாகப் போட்ட சண்டையில் நான் தோற்றுப்போனேன் என்று இதன்மூலம் ஒப்புக்கொள்கிறேன். அக்காவுக்கும் புரியட்டும் என்று சொல்கிறேன்: ஆலை இயந்திரங்களின் சூட்டை வாங்கிக்கொண்டு வருகிற தண்ணீரை உச்சியிலிருந்து மழையாகக் கொட்டவிட்டு, மேலே ஒரு ராட்சச ஃபேனைச் சுழலவிட்டுக் காற்றை இழுத்து, சூடான பாலை ஆற்றுகிற மாதிரி ஆற்றி, திரும்பவும் இயந்திரத்துக்கே அனுப்புகிற பெரிய கூடு இருக்கிறதே, அதுதான் கூலிங் டவர். அதை இருக்கிற இடத்திலேயே, தொட்டியைக் கட்டி, சட்டத்தை நிறுத்தி, பலகை பலகையாக எழுப்ப வேண்டும் என்பது உங்கள் கட்சி. எல்லாவற்றையும் எங்கேயோ ஒரு கம்பெனிக்குள்ளேயே செய்து முடித்து, லாரியில் ஏற்றி வந்து, கிரேனில் தூக்கி வைத்து, போல்ட்டைப் போட்டு முடுக்கிவிட்டுப் போய்க்கொண்டே இருக்க வேண்டும் என்பது என் கட்சி. "டவர் என்ன, அளவு குடுத்துத் தைக்கிற சட்டையா?" என்று நான் கேட்பேன். "ஆமாய்யா, அவனவன் தொப்பை அவனவனுக்கு. கடையில தொங்குறதை வாங்கி மாட்டினா பட்டன் தெறிக்கும்" என்று நீங்கள் சொல்வீர்கள். பட்டன் தெறித்துவிட்டது, மச்சான். தெறித்த பட்டன் என் வீட்டுக்குள்ளேயே வந்து விழுந்திருக்கிறது, அதனால்தான் இந்தக் கடிதம்.

எங்கள் ஆலையில் நீங்கள் கட்டிக் கொடுத்த மர டவர் உளுத்துப்போய், ஃபேன் சுற்றும்போதெல்லாம் பல் விழுந்த கிழவன் மாதிரி பலகையைத் துப்பிக்கொண்டிருந்தது உங்களுக்கே தெரியும். புதிது போடலாம் என்று மேனேஜர் சொன்னதும் நான்தான் முந்திக்கொண்டு, ரெடிமேட் டவர்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றேன். அதைக் கொண்டுவந்து நிறுத்த அந்தக் கம்பெனி அனுப்பிய மேற்பார்வையாளர் யார் என்றால், நம் மாப்பிள்ளையேதான். நீங்கள் பார்த்து வைத்த மாப்பிள்ளை. உங்கள் கையில் தொழில் கற்றவர். நான் ஆசை காட்டி அந்தக் கம்பெனி வேலைக்கு அனுப்பி வைத்தவர். ஆகவே பாவத்தில் ஆளுக்குப் பாதி. நல்ல தொழில்காரர்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மகளோடு எங்கள் வீட்டில்தான் வாசம், உள்ளே நுழைந்தால் வீடு தாங்காது. செருப்பு ஒன்று வாசலில் கிடக்கும், இன்னொன்று தெருவில் கிடக்கும். ஈரத் துண்டு கட்டிலின்மேல். சாவியைத் தானே தொலைத்துவிட்டுக் குடும்பத்தையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவார். நான் கிழக்கு என்றால் மேற்கு என்பார், மேற்கு என்றால் "உங்களுக்குத் திசை தெரியாது மாமா" என்பார். என் மகளிடம் அவர் பேசி நான் கேட்டதெல்லாம், சாவி எங்கே, சோறு போடு, லைட்டை அணை, அவ்வளவுதான்.

லாரிகள் வந்தன. பார்க்கக் கண் கோடி வேண்டும் மச்சான். வெள்ளை வெளேரென்று ஃபைபர் பெட்டிகள், ஒவ்வொன்றும் ஒரு வீட்டளவு. கிரேன் தூக்கி வைக்க வைக்க ஒன்றோடொன்று சத்தமில்லாமல் பொருந்திக்கொண்டன. உங்கள் ஆட்கள் மாதிரி சுத்தியலைத் தூக்கிக்கொண்டு "இன்னும் கொஞ்சம் தட்டு, இன்னும் கொஞ்சம் தட்டு" என்று ஊரைக் கூட்டவில்லை. நான் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, உங்களுக்கு என்ன மாதிரி ஒரு கடிதம் எழுதலாம், எந்த இடத்தில் எப்படிக் குத்தலாம் என்று மனசுக்குள் வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். கடைசிப் பெட்டி இறங்கியதும்தான் தெரிந்தது, டவர் முடிந்துவிட்டது, தொட்டி முடியவில்லை. அடியில் இருக்கிற கான்கிரீட் தொட்டி நீங்கள் கட்டியதாயிற்றே. எதிலும் தாராளம் உங்களுக்கு, "கொஞ்சம் கூட இருந்தா என்ன குத்தமா?" என்று இழுத்துக் கட்டியிருக்கிறீர்கள். கம்பெனி டவரோ அச்சில் வார்த்த அளவு, அங்கே இங்கே மசியாது. டவரின் சுவருக்கும் தொட்டியின் கடைசிக் கரையில் நிற்கிற உங்கள் பழைய கான்கிரீட் சுவருக்கும் நடுவில், ஓர் ஆள் ஒடுங்கி நிற்கிற அளவுக்கு ஒரு சந்து விழுந்துவிட்டது. சந்துக்குக் கீழே தண்ணீர், மேலே வானம்.

மறுநாள் காலையில் மேனேஜர் பார்வையிட வருகிறார். மாப்பிள்ளை கம்பெனிக்குப் போன் போட்டார். எங்கள் அளவில் தவறில்லை என்று அங்கேயிருந்து பதில் வந்தது. அவருக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே! "அவனுங்க அளவும் சரி, உங்க தொட்டியும் சரி, நடுவுல நிக்கிற நான்தான் கேனையன்" என்று கத்திவிட்டு, மிச்சம் கிடந்த ஃபைபர் தகடுகளை இழுத்தார். அந்த நிமிஷத்தில் அவருக்குள் தூங்கிக்கொண்டிருந்த உங்கள் சிஷ்யன் முழித்துக்கொண்டான். முன்பக்கம் ஒரு தகடு, பின்பக்கம் ஒரு தகடு, தலைக்கு ஒரு தகடு என்று சந்தை அடைக்க ஆரம்பித்தார். தண்ணீருக்கு மேலே நிற்க ஒரு பலகையைக் குறுக்கே போட்டுக்கொண்டு உள்ளே இறங்கினார். ஆட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். நான் பம்ப் பக்கம் நின்றிருந்தேன். ஸ்பேனர் சத்தமும் கம்பெனிக்காரனின் பரம்பரையை அவர் விசாரிக்கிற சத்தமும் மாறி மாறிக் கேட்டன. பிறகு திட்டு நின்றது. கொஞ்சம் பொறுத்து ஸ்பேனரும் நின்றது. "மாப்பிள்ளை?" என்றேன். தொட்டியில் தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

"பணி நிறைவடைந்தது மாமா" என்று என் முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. திரும்பினால் மாப்பிள்ளை நிற்கிறார். சட்டையில் மடிப்புக் கலையவில்லை. நகத்தில் கிரீஸ் இல்லை. "இல்லத்திற்குச் செல்லலாமா?" என்று கேட்டார். இல்லத்திற்காம், மச்சான்! நம் குடும்பத்தில் எவன் வாயிலிருந்தாவது இப்படி ஒரு சொல் வந்திருக்கிறதா? அலுப்பில் ஏதோ உளறுகிறார் என்று நினைத்து நானும் கூடவே நடந்தேன். வழி முழுக்க அவர் கால் எடுத்து வைத்தது எனக்குக் கேட்கவே இல்லை.

மறுநாள் மேனேஜர் வந்தார், பார்த்தார், பிரமாதம் என்றார், என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். தண்ணீர் எத்தனை சூட்டில் வர வேண்டும் என்று சொன்னார்களோ அதே சூட்டில், நூல் பிசகாமல் வருகிறது. நான் மட்டும் அந்த மூடிய சந்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன். வெளியே போல்ட்டின் தலைகள் மட்டும் வரிசையாக இருக்கின்றன. நட்டு எல்லாம் உள்பக்கம். டவர் முழுக்க அப்படித்தான், அதில் தப்பில்லை. ஆனால் டவருக்குள் நின்று நட்டு முடுக்குகிறவன் வேலை முடிந்ததும் வெளியே வர அதற்கு ஒரு கதவு இருக்கிறது. இந்தச் சந்துக்குக் கதவு ஏது? கடைசித் தகட்டை உள்ளே நின்று மூடி, உள்ளே நின்றே கடைசி நட்டு வரைக்கும் முடுக்கியிருக்கிறார். நுனிக்கொம்பில் உட்கார்ந்துகொண்டு அடிக்கொம்பை வெட்டுகிறவனைக் கேள்விப்பட்டிருக்கிறோம். தன்னையே உள்ளே வைத்துச் சுவரை மூடுகிறவன் உங்கள் பட்டறையில்தான் தயாராவான். தண்ணீருக்குள் முங்கி வெளியே வந்திருப்பார் என்று நீங்கள் சொல்வீர்கள். வந்தவருடைய தலை காய்ந்திருந்தது, கால்சட்டை காய்ந்திருந்தது. கீழே தகட்டுக்கும் தொட்டி விளிம்புக்கும் நடுவே ஒரு கை நுழையும் இடுக்கு இருக்கிறது, அதில் பூனைகூட வர முடியாது. அப்படியானால் உள்ளே போனவர் உள்ளேதான் இருக்கிறார். பிறகு வெளியே வந்தது யார்? கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது என்பார்களே, அந்தப் பூதத்தை நான் கையோடு வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டேன்.

குழப்பம் வேண்டாம் என்று, உள்ளே போனவரை 'அவர்' என்றும் வீட்டுக்கு வந்தவரை 'இவர்' என்றும் எழுதுகிறேன். அக்கா தயவுசெய்து அழுத்திப் படிக்கவும். இவர் செருப்பை ஜோடியாக விடுகிறார். துண்டைக் கொடியில் போட்டு நான்கு மூலையையும் இழுத்துவிடுகிறார். "சாப்பிட்டீர்களா மாமா? நீர் அருந்துகிறீர்களா மாமா? மின்விசிறியைச் சற்றுக் கூட்டட்டுமா மாமா?" என்று ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி பேசுகிறார். நான் கிழக்கு என்றால் கிழக்கு என்கிறார். சோதித்துப் பார்க்கலாம் என்று உடனே மேற்கு என்றேன். "அதுவும் சரிதான் மாமா" என்றார். குறட்டை கிடையாது. வியர்வை கிடையாது. கரண்ட் போய் நாங்களெல்லாம் வெந்துகொண்டிருந்த மத்தியானத்தில் இவர் பக்கத்தில் மட்டும் சில்லென்று காற்று வருகிறது; உங்கள் தங்கை நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அங்கேயே காய் நறுக்கினாள். காலையில் எழுந்ததும் ஒரு குடம் தண்ணீரைச் சொட்டுச் சிந்தாமல் ஒரே மூச்சில் குடிக்கிறார். ஆவியாகப் போகிற தண்ணீரை ஈடுகட்ட டவருக்குத் தினமும் புதுத் தண்ணீர் விடுவோமே, அந்த நினைப்புத்தான் எனக்கு வந்தது. சில நாள் இவர் கொல்லையில் வெயிலைப் பார்த்து நிற்கும்போது உச்சந்தலையிலிருந்து மெல்லிசாக ஆவி கிளம்புகிறது. வெந்நீரில் குளித்துவிட்டு வந்தால் யாருக்கும் கிளம்பும்தான். இவர் அப்போது குளித்திருக்கவே மாட்டார்.

உங்கள் தங்கைக்குத் தலைகால் புரியவில்லை. "இப்பத்தான் மாப்பிள்ளைக்கு நல்ல புத்தி வந்திருக்கு. நீங்க வாயை வெச்சுக் கெடுத்துடாதீங்க" என்கிறாள். மகளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"ஏம்மா, உன் வீட்டுக்காரர் முன்ன மாதிரியா இருக்காரு?"

"இல்லப்பா. நல்லா இருக்காரு."

"நல்லா இருக்காருன்னா?"

"நல்லாத்தாம்பா இருக்காரு" என்று சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவப் போனாள். கழுவி வைத்த தட்டையே எடுத்துத் திரும்பக் கழுவினாள். மச்சான், பெற்ற வயிறு பற்றி எரியும் என்று பெண்களைத்தான் சொல்வார்கள். பெற்றவனுக்கும் வயிறு உண்டு. யார் என்றே தெரியாத ஒருத்தரோடு ஆயுசு முழுவதும் அவள் குடித்தனம் நடத்த வேண்டுமா? கடைச்சரக்கு வேண்டும், கடைச்சரக்கு வேண்டும் என்று கத்தியவன் நான். டவருக்குச் சொன்னது மாப்பிள்ளைக்கும் சேர்த்துப் பலித்துவிட்டதா?

பொறுக்க முடியாமல் அந்தக் கம்பெனிக்கே போன் போட்டேன். "வணக்கம். எங்கள் தயாரிப்பில் குறை ஏதேனும் உண்டா?" என்று ஒரு குரல். மச்சான், அது இவர் குரல். அச்சு அசல். ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன்; இவர் கொல்லையில் வாயை மூடிக்கொண்டு துண்டு காயப்போட்டுக்கொண்டிருக்கிறார்.

"குறையே இல்லைங்க, அதுதான் குறை" என்றேன்.

"மகிழ்ச்சி. அதிர்வோ ஓசையோ ஏற்பட்டால் மாற்றித் தருவோம்."

"புதுசா மாத்த வேணாங்க. பழையதைத் திருப்பிக் குடுப்பீங்களா?"

"பழையதை நாங்கள் எடுத்துச் செல்வதில்லை. அது தங்கள் இடத்திலேயேதான் இருக்கும்" என்றது குரல். கொஞ்சம் நிறுத்தி, "சாப்பிட்டீர்களா மாமா?" என்று கேட்டது. போனை வைத்துவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். உட்கார்ந்த நாற்காலி சில்லென்று இருந்தது.

பிறகுதான் அது நடந்தது. ஒரு மத்தியானம் மேலே எண்ணெய் மாற்றுவதற்காக ஃபேனை நிறுத்தினோம். எப்போதும் இரைகிற இடம் ஓய்ந்துபோனால் எப்படி இருக்கும் தெரியுமா, காதுக்குள் ரத்தம் ஓடுவது கேட்கும். நான் அந்தச் சந்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். உள்ளேயிருந்து ஒரு கனைப்பு வந்தது. உதைத்து உதைத்துக் கிளம்பாத பழைய ஸ்கூட்டர் மாதிரி கனைப்பாரே, அதே கனைப்பு. அடுத்து, "மாமா, பதினாலாம் நம்பர் ஸ்பேனரை எங்க வெச்சுத் தொலைச்சீங்க?" என்று ஒரு அதட்டல். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மச்சான். தன் தப்பை என் தலையில் கட்டுகிற அந்த ஒரு பேச்சு போதாதா? குனிந்து, கைக்கு அகப்பட்ட ஸ்பேனரை அந்த இடுக்கு வழியாக நீட்டினேன். உள்ளேயிருந்து வெடுக்கென்று பிடுங்கினார்கள். அந்தப் பிடுங்கலில் நன்றி இல்லை, மரியாதை இல்லை, அவரேதான். "மாப்பிள்ளை, வெளிய வாங்க மாப்பிள்ளை" என்று கெஞ்சினேன். "இருங்க மாமா, ஒரே ஒரு நட்டு பாக்கி. நச்சரிக்காதீங்க" என்றார். அதற்குள் மேலே யாரோ ஃபேனைப் போட்டுவிட்டார்கள், இரைச்சலில் எல்லாம் முழுகிப்போயிற்று.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், சாப்பாட்டு மேஜையில் அதே ஸ்பேனர், துடைத்து எண்ணெய் போட்டு, ஒரு துணியின்மேல் வைக்கப்பட்டிருக்கிறது. பக்கத்தில் இவர் கைகட்டிக்கொண்டு நிற்கிறார். "தங்களுடையதுதானே மாமா? அவர் கேட்டது பதினான்கு. இது பதின்மூன்று" என்றார். நான் எடுத்துப் பார்த்தேன். பதின்மூன்றுதான்.

இப்போது தலைக்குமேல் கத்தி. வரைபடத்தில் இல்லாத சந்து எதற்கு, சனிக்கிழமை கான்கிரீட்டை ஊற்றி அடைத்துவிடுங்கள் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். உள்ளே ஆள் இருக்கிறார் சார் என்று சொன்னால், எந்த ஆள் என்பார். என் மாப்பிள்ளை என்றால், அவர்தான் உங்கள் பக்கத்தில் நிற்கிறாரே என்பார். இவரும் ஆமாம் என்று தலையாட்டுவார். ஆகவே மச்சான், நீங்கள் வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் கட்டர் மெஷினோடு வந்து சேர வேண்டும். வாய் திறக்காத ஆட்கள் இரண்டு பேர் போதும். ஆலை கேட்டில் யாராவது விசாரித்தால், பழைய தொட்டியில் கசிவு பார்க்க வந்தோம் என்று சொல்லுங்கள். தகட்டை அறுத்து அவரை வெளியே எடுத்துவிடுவோம். எடுத்தபிறகு இவரை என்ன செய்வது என்று நான் யோசிக்கவில்லை, யோசித்தால் தலை சுற்றுகிறது. லாரியில் ஏற்றிக் கம்பெனிக்கே அனுப்பினால் அங்கே இறக்கிக்கொள்ள வருகிறவரும் இவராகவே இருந்தால் என்ன செய்வது? அவர் எனக்குப் பிடித்த மனிதர் இல்லை, மச்சான். கல்யாணத்தன்று மாலை மாற்றும்போதே பிடிக்கவில்லை. ஆனால் என்னை எதிர்த்துப் பேச ஆளில்லாத வீட்டில் நான் வாயிருந்தும் ஊமையாக உட்கார்ந்திருக்கிறேன். கான்கிரீட் இறுகிவிட்டால் அவர் சுவரோடு சுவராகப் போய்விடுவார், என் மகள் தட்டைக் கழுவிக்கொண்டே இருப்பாள். எழுத்துக் கோணலாக இருந்தால் அக்கா பொறுத்துக்கொள்ளவும். உங்கள் தங்கையிடமும் என் மகளிடமும் மூச்சு விடாதீர்கள். வந்த பிறகு இவருக்கு எதிரில் என்னைப் பார்த்துக் கண்ணைக்கூடச் சிமிட்ட வேண்டாம்.

பெரியவர்களாகிய உங்கள் இருவருக்கும் என் வணக்கங்கள். பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் என் ஆசிகள்; எல்லோரும் அவரவராகவே நூறு வயது இருக்க வேண்டும். உங்கள் கைராசியும் கோபமும் என்றும் குறையாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாயில் விழுந்தும் இன்னும் எழுந்து நிற்கும்
மைத்துனன்

பின்குறிப்பு: மச்சான், வர வேண்டாம். கட்டரும் வேண்டாம். மேலே எழுதியதையெல்லாம் அக்கா ஏற்கெனவே படித்துவிட்டிருந்தால், படிக்காத மாதிரி இருக்கச் சொல்லவும்.

நேற்றுச் சாயங்காலம் இந்தக் கடிதத்தைப் பையில் வைத்துக்கொண்டு தபால் பெட்டிக்குக் கிளம்பினேன். எங்கள் குவார்ட்டர்ஸின் பின்பக்க வேலியைத் தாண்டினால் டவர்தான். அந்தச் சந்துக்கு எதிரில், கவிழ்த்துப் போட்ட பக்கெட்டின்மேல் என் மகள் உட்கார்ந்திருக்கிறாள். டவரிலிருந்து இறங்குகிற பனி மாதிரி ஈரம் அவள் தலையெல்லாம் பூத்திருக்கிறது. இடுக்குப் பக்கம் முகத்தைச் சாய்த்துக்கொண்டு, "இனிமே ஈரத் துண்டைக் கட்டில்ல போடுவீங்களா?" என்று அதட்டுகிறாள். "இங்க கட்டில் எங்கடி இருக்கு?" என்று உள்ளேயிருந்து பதில் வந்தது. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை.

என்னைப் பார்த்து அவள் திடுக்கிடவும் இல்லை, எழுந்திருக்கவும் இல்லை.

"உனக்கு எப்பலேருந்தும்மா தெரியும்?"

"மொத நாள்லேருந்தே தெரியும்ப்பா. அம்மாவுக்கும் தெரியும்."

"அப்ப ஏம்மா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?"

"நீங்க உடனே மாமாவுக்கு லெட்டர் போட்டுடுவீங்கன்னுதான்."

நான் பையில் இருந்த கடிதத்தை இன்னும் உள்ளே தள்ளிக்கொண்டேன். மாமாவை வரச் சொல்லித் தகட்டை அறுத்துவிடலாமா என்று கேட்டேன். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "வேணாம்ப்பா. வெளிய இருந்தப்போ அவர் என்கிட்ட இவ்வளவு பேசினதே இல்ல. இப்ப நான் என்ன கலர்ல புடவை கட்டியிருக்கேன்னு தினமும் இந்த இடுக்கு வழியா பாத்துச் சொல்றாரு. ஏதாவது பாட்டுப் பாடுன்னு கேக்குறாரு. வெளிய வந்தா மறுபடியும் சாவியைத் தேட ஆரம்பிச்சுடுவாருப்பா" என்றாள். கான்கிரீட் ஊற்றப்போகிறார்களேம்மா என்று மட்டும் சொன்னேன். அதைப் பற்றிக் கவலை வேண்டாமாம். அந்தச் சந்து காற்றோட்டத்துக்கு அவசியம், மூடினால் உத்தரவாதம் கிடையாது என்று இவரே மேனேஜரிடம் போய்ச் சொல்லி நிறுத்திவிட்டாராம். அவள் கேட்டாளாம், இவர் சரி என்றாராம்.

இப்போது நான் இதை எழுதிக்கொண்டிருக்கும்போது உள்ளே சமையலறையில் இவர் குரல் கேட்கிறது. "அவருக்கு உப்பு இன்னும் சற்று வேண்டும் அத்தை" என்கிறார். "தெரியும் மாப்பிள்ளை, தனியாத்தான் எடுத்து வெச்சிருக்கேன்" என்கிறாள் உங்கள் தங்கை. விஷயம் தெரியாமல் இந்த வீட்டில் இருந்த ஒரே பேர்வழி நான்தான் மச்சான். அதோ, டப்பாவை மூடித் துடைத்து எடுத்துக்கொண்டு என்னிடமே வருகிறார். பக்கத்தில் வந்தால் சில்லென்று இருக்கிறது, ஆனால் டப்பா சூடாக இருக்கிறது.

"இன்று இதைத் தாங்கள் கொண்டுபோகிறீர்களா மாமா?" என்று கேட்கிறார். "தங்களோடு சண்டை போட்டு நாளாகிவிட்டது என்று அவர் மிகவும் வருத்தப்படுகிறார்."

நான் கிளம்புகிறேன். கடிதத்தை ஒட்டி இவரே தபாலில் சேர்த்துவிடுவதாகச் சொல்கிறார்.